கந்தப்பு ஞாபகார்த்தக் கிண்ணம் கொழும்புக்குப் போன கதை

1

ரொறன்ரோவில் சனிக்கிழமை காலைகளில் நான் கார் தரிப்பிடத்தில் நித்திரை கொள்கிறவன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே என்னைப்போல ஒரு வரிசை தகப்பன்மார். எங்களுக்கு முன்னால், பனிக்குள் பாதி புதைந்த முட்டை மாதிரி, காற்றடைத்த பெரிய வெள்ளைக் கூடாரம். உள்ளே எங்கள் பிள்ளைகள் பிளாஸ்ரிக் புல்லில் உதைபந்து பழகுவார்கள். வெளியே நாங்கள் ஹீற்றரைப் போட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி, கட்டிய காசுக்குக் கனவு காண்போம்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளங்குவது கஷ்டம். இங்கே பிள்ளை பந்தை உதைக்க வேண்டுமென்றால் முதலில் தகப்பன் கட்ட வேண்டும். கழகத்துக்கு ஒரு கட்டணம், உடுப்புக்கு ஒன்று, கூடாரத்துக்குள் அடைத்திருக்கும் காற்றுக்கும் ஏதோவொரு பெயரில் ஒன்று. என் மகள் தாரணி மேல் அணிக்குத் தெரிவானபோது வீட்டில் கேக் வெட்டினோம். அடுத்த நாள் வந்த மின்னஞ்சலில், மேல் அணி வெளியூர்களுக்குப் போய் விளையாடும், ஹொட்டேல் செலவு பெற்றோருடையது என்று எழுதியிருந்தது. மிஞ்சிய கேக்கை நான் தனியே நின்று சாப்பிட்டு முடித்தேன்.

எனக்குப் பதற்றமும் பதகளிப்பும் மூன்று கட்டமாக வரும். முதலில் காது சுடும். பிறகு வயிறு தண்ணீராகும். கடைசியில் பகிடி வரும். சனம் காண்பது கடைசியை மட்டும் என்பதால் எனக்குத் துணிச்சல்காரன் என்று பெயர். மனைவி சுகந்தி மட்டும், நான் பகிடி விட்டால் பேசாமல் என் காதைத் தொட்டுப் பார்ப்பாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, அந்தத் தரிப்பிடத்து நித்திரையில் அப்பா வந்தார். பண்டத்தரிப்பில் எங்கள் வெங்காயத் தோட்டத்தின் நடுவே நிற்கிறார். ஒரு கையில் பந்து, மறு கையில் கத்தி. இது கனவு தானாகக் கட்டிய காட்சி அல்ல. எங்கள் தோட்டம் மைதானத்துக்குப் பக்கத்துக் காணி. பந்து வந்து வெங்காயத்தில் விழும். அப்பா அதை எடுத்துக்கொண்டு வேலிக்கு வந்து, "இது ஆற்றை பந்து?" என்று கேட்பார். யாருடைய பந்தென்று ஒருவரும் வாய் திறக்க மாட்டோம். நான் எல்லாருக்கும் பின்னால் நிற்பேன். பந்து ஒரு பெருமூச்சு விட்டுச் செத்துப்போகும்.

கனவிலும் அவர் கேட்பதற்கு வாய் திறந்தார். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் ரூபன்.

"அண்ணை, ஐயாவின்ரை மூண்டாவது திவசம் வருதெல்லே. அவற்றை பேரிலை ஒரு ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்பம் எண்டு நிக்கிறம்."

"என்ன விளையாட்டுக்கு?"

"உதைபந்தாட்டம் தான். பொம்பிளைப் பிள்ளையளின்ரை. உங்கடை தங்கச்சியின்ரை மகள் சாருஜா தானே எங்கடை கப்டன்."

"ரூபன், அப்பா பந்தைத் தொட்டது அதை வெட்டுறதுக்கு மட்டும் தானடா."

"அது ஆருக்கு அண்ணை இப்ப ஞாபகம்? மற்ற வெளிநாட்டுக்காரர் எல்லாரும் தங்கடை தேப்பன்மாருக்கு வைச்சிட்டினம். உங்கடை ஐயா தான் மிச்சம்."

காது சுட்டது. செத்தபிறகும் அப்பாவை மிச்சத்தில் நிறுத்தலாமா? "ஓம்" என்றேன். "நானே வாறன், கிண்ணத்தோடை" என்றும் சொல்லிவிட்டேன்.

2

கிண்ணத்தை யாழ்ப்பாணத்திலேயே வாங்கியிருக்கலாம். ஆனால் யாரோ தன் தகப்பனுக்கு லண்டனில் இருந்து கொண்டுவந்தார் என்று ரூபன் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டான். பிறகென்ன. தட்டுக்கு மேல் தட்டு, இரண்டு பக்கமும் சிறகு, உச்சியில் பொன்னிறப் பெண்ணொருத்தி ஒற்றைக்காலில் நின்று பந்தை உதைக்கிறாள். கீழே அப்பாவின் பெயர், கந்தப்பு.

கிண்ணத்தை வைத்ததும் பயணப்பெட்டி மூடவில்லை. சுகந்தி ஏற்கெனவே அதற்குள் தாரணிக்குச் சின்னதாகிப்போன உதைபந்துச் சப்பாத்து இரண்டு சோடியை வைத்திருந்தாள், சாருஜாவுக்கென்று. நான் அவற்றை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன்.

"அந்தப் பிள்ளை கிழிஞ்ச சப்பாத்தோடை ஓடுதாம்" என்றாள் சுகந்தி.

"ஓடிப் போய்த் தூக்கக் கிண்ணம் வேண்டாமோ?" என்றேன்.

அவள் என் காதைத் தொட்டுப் பார்த்தாள்.

கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து கனநேரம் அந்தப் பொன்னிறப் பெண்ணைப் பார்த்தார். ஆங்கிலத்தில் விசாரணை நடந்தது. நீங்கள் வென்றதா? இல்லை. அப்படியானால் யார் வென்றது? இன்னும் ஒருவரும் வெல்லவில்லை. பிறகேன் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது? அது என் தகப்பன். அவர் விளையாட்டு வீரரா? வெங்காயத் தோட்டம் செய்தவர். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டார். மேலதிகாரி வந்து, முதலில் இருந்து தொடங்கினார்.

3

ஊரில் முதல் நாட்கள் நேரமாற்ற மயக்கத்தில் கரைந்தன. பகலில் கண் சொருகும். கதிரையில் இருந்தால் கதிரை கொஞ்சம் மிதக்கும். பின்னேரங்களில் மைதானத்து ஓரத்தில் கிடந்த மர வாங்கில் சாய்ந்துகொண்டு சாருஜா பழகுவதைப் பார்த்தேன். பதினாறு வயது. இடதுகால்காரி.

கடல் அங்கிருந்து தெரியாது. ஆனால் காங்கேசன்துறைப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டே இருக்கும். சாருஜா பந்தை வேண்டுமென்றே கோலுக்கு வெளியே உயரமாக அடிப்பாள். பந்து பனைகளின் தலைமட்டத்துக்குப் போய், அங்கே யாரோ கூப்பிட்டதுபோல ஒரு கணம் நின்று, மெல்ல வளைந்து திரும்பி உள்ளே வந்து விழும். நான் அதை அரைக்கண்ணில் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் கண்ணால் பார்த்ததா, கனவில் கண்டதா என்று அடுத்த அடியில்தான் நிச்சயமாகும்.

"மாமா, நித்திரையோ?"

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"கண்ணை மூடிக்கொண்டோ?"

"திறந்தா உன்ரை சப்பாத்து தெரியுது."

அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். அடிப்பாகம் வாய் பிளந்திருந்தது. சைக்கிள் ரியூப்பை வெட்டி வளையமாகப் போட்டுப் பிடித்திருந்தாள். "காத்தோட்டம் உள்ள சப்பாத்து மாமா. கனடாவிலை காசு குடுத்தாலும் எடுக்கேலாது."

ரொறன்ரோ அலுமாரிக்குள் இருக்கும் இரண்டு சோடியும் என் கண்முன் வந்து நின்றன. நான் சிரித்தேன்.

"உங்கடை கிண்ணத்தைப் பாத்தன்" என்றாள் அவள். "தூக்கிறதுக்கு ரெண்டு ஆள் வேணும். வெண்டால் ஒரு பக்கம் நீங்கள் பிடிக்கவேணும், சொல்லிப்போட்டன்."

4

திவசத்தன்று காலை கீரிமலையில் கிரியை முடித்துவிட்டு, நானும் தங்கச்சி வதனியின் கணவர் நேசன் மச்சானும் கேணியில் இறங்கினோம். சுவருக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் தண்ணீர் அசையாமல், கண்ணாடிபோல, குளிர்ச்சியாக. நான் மல்லாந்து மிதந்தேன். கனடா இல்லை, கட்டணம் இல்லை, மின்னஞ்சல் இல்லை.

"இண்டைக்குப் பஸ் ஏறியிருக்க வேணும்" என்றார் மச்சான், தன் பாட்டுக்குச் சொல்வதுபோல. அவர் மேசன் வேலை செய்கிறவர். அதிகம் கதைக்க மாட்டார்.

"ஆர்?"

"சாருஜா. நாளைக்குக் காலமை கொழும்பிலை தேசிய அணிக்குப் பிள்ளையளைத் தெரிவு செய்யினம். இவளின்ரை பேரும் வந்தது."

"பிறகு?"

"பிறகென்ன. விட்டிட்டம்."

நான் நிமிர்ந்து காலை ஊன்றினேன். "விட்டிட்டியளோ? ஏன்?"

"தனியப் பொம்பிளைப் பிள்ளையை விடேலாது, வதனியும் போகவேணும். பஸ், தங்கிற இடம், சாப்பாடு. நல்ல சப்பாத்து இல்லாமல் உள்ளுக்கு விடாயினமாம். பள்ளிக்கூடம் கடிதம் தந்தது. கடிதத்திலை ஏறி இருந்து கொழும்புக்குப் போகேலாதே."

"கழகத்திலை உப்பிடிப் போற பிள்ளையளுக்கு உதவி ஒண்டு இருக்கெல்லே?"

"இருக்கு. கூட்டத்திலை கதைச்சவை. சாருஜாவுக்கு என்னத்துக்கு, கனடாவிலை மாமா இருக்கிறார் தானே எண்டு, ஓட்டப் போட்டிக்குப் போற வேறை பிள்ளைக்குக் குடுத்திட்டினம்."

"சரி, அந்தக் கனடா மாமாவிட்டைக் கேட்டிருக்கலாமே?"

மச்சான் தண்ணீரைக் கையால் விலக்கினார். "நான் கேக்கச் சொன்னனான். வதனி விடேல்லை. அண்ணை அப்பாவின்ரை கிண்ணத்துக்கு எண்டு இவ்வளவு சிலவழிச்சு வாறார், அதுக்கு மேலை வாய் திறந்தால் என்ன நினைப்பார் எண்டாள்."

ஊற்றுத் தண்ணீரில் நின்றபடி காது சுட முடியும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வயிறும் தன் கடமையைச் செய்தது. நான் இருப்பதால் அவளுக்கு ஊர் உதவவில்லை. நான் கிண்ணம் கொண்டுவந்ததால் அவளால் என்னையும் கேட்க முடியவில்லை. ஒரே ஆள் இரண்டு வாசலையும் அடைத்துக்கொண்டு, நடுவில் மாலைக்குக் கழுத்தை நீட்டி நின்றிருக்கிறேன். மூன்றாவது கட்டத்துக்காகக் காத்திருந்தேன். பகிடி வரவில்லை.

"இண்டைக்கே போவம்" என்றேன்.

"விளையாட்டு இருக்கே. அவள் கப்டன். இடையிலை விட்டிட்டு வரமாட்டாள். நீங்கள் பிரதம விருந்தினர்."

வீட்டுக்கு வந்து வதனியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்பாவின்ரை நாளிலை நாங்கள் இடையிலை எழும்பினால் சனம் என்ன சொல்லும் அண்ணை?" என்றாள். பிறகு, தண்ணீரை வடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "கெதியா முடிஞ்சால் போகலாம்" என்றாள்.

5

எங்கள் ஊரில் எந்த விழாவும் கெதியாக முடிந்ததில்லை. மாலை, பொட்டு, நெஞ்சில் குஞ்சம் வைத்த சின்னம். சின்னத்தில் பொன் எழுத்தில் 'பிரதம விருந்தினர்'. விளக்கேற்றினோம். வரவேற்புரை வந்தது. ஆசியுரை வந்தது. தலைமையுரை வந்து, போக மனமில்லாமல் நின்றது. பதாகையில் இருந்த அப்பா, மைதானத்தின் நடுவில் வைத்திருந்த பந்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற ஒருவர் எழுந்து, அப்பாவின் உதைபந்தாட்டச் சேவையைப் பற்றித் தொடங்கினார். "அன்னார் இந்த மைதானத்திலிருந்து வந்த எத்தனையோ பந்துகளைத் தம் கைகளாலேயே..." என்று சொல்லிவிட்டு, உண்மை நினைவுக்கு வந்ததால் தண்ணீர் குடித்தார். வெயில் பனைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு நின்ற சாருஜா என்னைப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

என் முறை வந்தது. சட்டைப்பையில் நீளமான பேச்சு இருந்தது, விமானத்தில் எழுதியது. அதைத் தொடாமல் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"எங்கடை அப்பாவுக்குப் பேச்சும் பிடிக்காது, பந்தும் பிடிக்காது. அவற்றை நினைவுக்கு ஒண்டையாவது குறைப்பம். விளையாட்டு தொடங்கட்டும்."

சனம் கைதட்டியது. ரூபன் ஓடி வந்து காதுக்குள், "அண்ணை, இன்னும் நாலு பேர் பேச இருக்கினம்" என்றான்.

"நன்றியுரையிலை சேத்துவிடு."

எதிரணி காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைகள். தோள் பலம் உள்ளவர்கள். அவர்களின் கோல் கீப்பர் கீர்த்தி என்றொரு பிள்ளை. அவள் கையில் பட்ட பந்து சுவரில் பட்டதுபோல் திரும்பியது. முதல் பாதியிலேயே சாருஜாவின் சப்பாத்து முழுதாக வாயைத் திறந்துவிட்டது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஓடினாள். வெளிச்சம் மஞ்சளாகும் நேரம், மூலையில் இருந்து ஒரு பந்தை உயர அடித்தாள். எல்லாரும் அது வெளியே போகிறது என்று விட்டார்கள். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து கீர்த்தியின் தலைக்கு மேலால் வைத்தது. அந்த ஒரு கோலோடு முடிந்தது.

கிண்ணத்தைக் கொடுத்தேன். ஒரு பக்கம் நானும் பிடித்தேன். படம் எடுத்த கையோடு, "ஓட்டோவிலை ஏறு" என்றேன்.

"எங்கை மாமா?"

"கொழும்புக்கு."

அவள் தாயைப் பார்த்தாள். வதனி ஏற்கெனவே உடுப்புப் பையைக் கையில் வைத்திருந்தாள். சாருஜாவின் முகம் ஒருமுறை மலர்ந்து, உடனே காலைப் பார்த்தது.

"சப்பாத்து?"

நான் பதில் தேடும்போது, புல்லில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கீர்த்தி தன் சப்பாத்தை அவிழ்த்தாள்.

"இந்தா. கொஞ்சம் பெரிசு. சொக்ஸ் ரெண்டு போடு."

"அப்ப உமக்கு?"

"நான் கடக்கரையாள், எனக்கென்ன. அங்கை கேட்டால் சொல்லு, உனக்குக் கோல் விட்டது நான் எண்டு. வேறை ஆருக்கும் விட்டதில்லை எண்டும் சொல்லு."

ஓட்டோ வெளிக்கிட்டு நெடுந்தூரம் போன பிறகுதான் பார்த்தோம். சாருஜா கிண்ணத்தை இன்னும் கட்டிப்பிடித்தபடி இருந்தாள்.

6

முதல் பஸ் போய்விட்டது. கடைசி பஸ் எல்லாத் தரிப்பிலும் நின்று, எல்லாரையும் ஏற்றி, கொழும்பு மைதானத்து வாசலில் நாங்கள் நின்றபோது வெயில் ஏறிவிட்டது. கேற் பூட்டியிருந்தது. உள்ளே விசில் சத்தம். காவலாளி தலையை ஆட்டினார். அவருக்குத் தமிழ் இல்லை. என்னிடம் இருந்த சிங்களம் கடையில் மிச்சக்காசு கேட்க மட்டும் போதும். வதனி பள்ளிக்கூடத்துக் கடிதத்தைக் கம்பிகளுக்கு ஊடாக நீட்டினாள். அவர் வாங்கவில்லை. சாருஜா பின்னால் திரும்பி நின்றாள், முகம் தெரியாதபடி.

எனக்குக் காது சுட்டது. வேறொன்றும் தோன்றாமல், கனம் தாங்காமல், கிண்ணத்தைத் தோளுக்கு மாற்றினேன்.

காவலாளி கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என் நெஞ்சைப் பார்த்தார். நேற்று குத்திய சின்னம், குஞ்சம் கசங்கி, பொன் எழுத்தோடு அப்படியே இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் குஞ்சம் வைத்தவன் யார் என்று இந்த நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அவர் நிமிர்ந்து நின்று, சலாம் வைத்து, இரண்டு கதவையும் திறந்தார். நான் நேற்றுப் பழகிய தலையசைப்பைக் கொடுத்தேன்.

சாருஜா பெயர் பதியும் மேசையடிக்கு ஓடினாள். பெயர் இருந்தது. என்னை அழைத்துப்போய் முன்வரிசையில் இருத்தித் தேத்தண்ணி தந்தார்கள்.

"அண்ணை, எழும்புங்கோ" என்றாள் வதனி பல்லைக் கடித்துக்கொண்டு.

"எழும்பினால் பிடிபட்டிடுவம். குடி."

மற்றப் பிள்ளைகளுக்குப் பெயர் அடித்த பைகள் இருந்தன. சிலருக்குச் சொந்தப் பயிற்றுநரே பக்கத்தில் நின்றார். மரநிழலில் ஒரு வரிசை கார். உள்ளே தகப்பன்மார், வாயைத் திறந்தபடி. ரொறன்ரோவில் நான் இருக்கும் வரிசை அது. வெளியில் இருந்து அதைப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

சுற்றிவரக் கட்டடம், காற்றே இல்லை. சாருஜா உயர அடித்த முதற் பந்து திரும்பி வரவில்லை, நேரே வெளியில் போனது. இரண்டாவதும் போனது. பயிற்றுநர் சிங்களத்தில் ஏதோ கத்தினார், அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சிங்களப் பிள்ளை கையால் தாழ்த்திக் காட்டினாள். சாருஜா நின்று, விரலை நனைத்துக் காற்றைப் பார்ப்பதுபோல ஒருமுறை மேலே பார்த்தாள். அதன் பிறகு பந்து நிலத்தை விட்டு எழும்பவே இல்லை. இரண்டு சொக்ஸ் போட்ட பெரிய சப்பாத்தோடு அவள் ஓடிய ஓட்டத்தை நான் முழுக் கண்ணையும் திறந்து பார்த்தேன்.

முடிந்தபின் பயிற்றுநர் என்னிடம் வந்து ஆங்கிலத்தில், யாருக்கு இந்தக் கிண்ணம் என்று மரியாதையாகக் கேட்டார். "என் அப்பாவுக்கு" என்றேன். குழப்பத்தோடு தலையாட்டிவிட்டு, இடதுகால்காரியை எடுத்திருப்பதாகச் சொன்னார். இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் கொழும்பில் பயிற்சி. ஒரு சனியைத் தவறவிட்டாலும் கஷ்டம்.

வதனியைப் பார்த்தேன். அவள் முகத்தில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது தெரிந்தது.

"மாமா" என்றாள் சாருஜா, மூச்சு வாங்க. "ஒவ்வொரு சனியும் கிண்ணத்தோடை வாறியளோ?"

7

கனடாவுக்குத் திரும்பி வந்தபின் ரூபனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அடுத்த வருடம் கிண்ணம் இல்லை, அந்தக் காசு பஸ்ஸுக்கு என்றேன். சாருஜாவுக்கு மட்டுமல்ல, பெயர் வருகிற எந்தப் பிள்ளைக்கும், மாமா கனடாவில் இருந்தாலும் சந்திரனில் இருந்தாலும்.

"அப்ப ஐயாவின்ரை பேர்?"

"பஸ்ஸிலை எழுதேலாது ரூபன்."

"சனம் கதைக்கும் அண்ணை."

கதைக்கிறது. மூன்றாம் வருடத்தோடு தகப்பனைக் கைவிட்ட கனடாக்காரன் என்று எனக்கு இப்போது பெயர். கேட்கும்போதெல்லாம் காது சுடுகிறது. பொய் சொல்ல மாட்டேன்.

தாரணி இந்தக் குளிர்காலம் கழகத்தை விட்டுவிட்டாள். "அப்பா, எனக்குப் பந்து பிடிக்கும். உந்தக் கூடாரமும் கார் ஓட்டமும்தான் போரிங். சம்மருக்கு பார்க்கிலை விளையாடுறன், சும்மா" என்றாள். சும்மா விளையாடலாம் என்பதை என் வீட்டில் கண்டுபிடித்தவள் அவள்தான். அலுமாரிக்குள் இருந்த இரண்டு சோடியையும் அவளே பொதி செய்தாள். ஒன்று சாருஜாவுக்கு, ஒன்று கீர்த்திக்கு. "கீர்த்தி ஆர்?" என்று கேட்டாள். கோல் விட்டவள் என்றேன். "அப்ப நல்ல சோடி அவளுக்கு" என்று மாற்றி வைத்தாள்.

கட்டிய கட்டணத்தைக் கழகம் திருப்பித் தராது. அதனால் சனிக்கிழமை காலைகளில் நான் இன்னமும் அந்தத் தரிப்பிடத்துக்குப் போகிறேன். "பிள்ளை இல்லாத இடத்திலை உங்களுக்கு என்ன அலுவல்?" என்கிறாள் சுகந்தி. வேறெங்கும் எனக்கு அந்த நித்திரை வருவதில்லை. இங்கே காலையாகும்போது அங்கே பொழுதுபட்டிருக்கும். பயிற்சி முடிந்து சாருஜா வடக்கே வரும் பஸ்ஸில் தாயின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பாள். நானும் சாய்வேன். இடையில் கடல்கள், பனி, ஹீற்றரின் மெல்லிய மூச்சு.

போன சனி அப்பா வந்தார். வெங்காயத்தின் நடுவே, பந்தும் கத்தியுமாக.

"இது ஆற்றை பந்து?"

நான் வழக்கம்போலப் பின்னால் நகர்ந்தேன். வேலியோரம் ஒரு பஸ் இயந்திரத்தை நிறுத்தாமல் நின்றது. அதிலிருந்து சாருஜா, கீர்த்தியின் பெரிய சப்பாத்தோடு, தடால் தடாலென்று இறங்கி வந்தாள்.

"என்ரை, அம்மப்பா. கெதியாத் தாங்கோ, பஸ் வெளிக்கிடப் போகுது."

அப்பா அவளைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். கத்தியை இடுப்பில் சொருகிவிட்டு, சாரத்தால் பந்தின் மண்ணைத் துடைத்து, வாழ்நாளில் பந்து எறிந்து பழகாத கையால் ஓங்கி எறிந்தார். அது அவளைத் தாண்டி, பஸ்ஸைத் தாண்டி, நேரே என்னிடம் வந்து மோதியது.

கார்க் கண்ணாடியில் யாரோ தட்டிக்கொண்டிருந்தார். தரிப்பிடக் காவலாளி. கண்ணாடியை இறக்கினேன், குளிர் முகத்தில் அடித்தது. இந்த இடம் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும், உங்கள் பிள்ளை விளையாடுகிறதா என்று கேட்டார்.

"ஓம், விளையாடுகிறாள்" என்றேன். "இப்போது பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்."